தங்கபுஷ்பத்தின் மல்லிப் பாத்தி

1967 ஆவணியில் கல்யாணம் முடிந்து, உடன்குடியிலிருந்து தியாகராய நகருக்கு வந்தபோது தங்கபுஷ்பத்துக்கு இருபது வயது. இரண்டு பேருக்குக் குடித்தனம் நடத்தத்தான் போகிறோம் என்று நினைத்து ரயிலேறினாள். வந்த மறுநாள் காலையில் இருபது பேருக்கு இட்லி ஊற்ற வேண்டியிருந்தது.

அவள் கணவன் சுயம்புலிங்கம் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் சரக்கறையைப் பார்த்துக்கொண்டவன். முதலாளி அய்யாதுரை, தன் ஊர்ப்பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஆட்கள் தங்குவதற்காகக் கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். முன்கூடத்தில் ஆட்கள் பாய் விரித்துப் படுப்பார்கள். பின்கட்டில் சமையலறையும் ஒரு சின்ன அறையும். அதற்குப் பின்னால் கொல்லை, கிணறு, ஒரு முருங்கை மரம். சமையலைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்துக்கு அந்தச் சின்ன அறை. சமையல் போனால் அறையும் போய்விடும். அதை யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும்.

கொத்தமல்லி அவளைத் தேடித்தான் வந்தது. வந்த புதிதில், கடைத்தெருவில் வாங்கும் தழை வீடு வந்து சேர்வதற்குள் துவண்டு போவதைப் பார்த்து, சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பிடி மல்லி விதையை எடுத்துக் கொல்லையில் தூவிப் பார்த்திருந்தாள். எறும்பு இழுத்தது போக மீதியும் முளைக்கவில்லை. பட்டணத்து மண்ணில் வராது போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். குழம்புக்கு மல்லியை வறுக்காமல் பச்சையாக அரைப்பது அவளுக்குப் பழக்கம். அரைத்து முடித்து அம்மி கழுவிய தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டுவாள். ஐப்பசி மழை பிடித்த சமயம், அந்த இடத்தில் மெல்லிசாகப் பச்சை எட்டிப் பார்த்தது. புல் என்று நினைத்துப் பிடுங்கினாள். விரல் மணத்தது.

கையில் பிடித்த அந்தச் செடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வேரில் விதையின் ஓடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி ஓடுதான். அம்மியில் முதல் இழுப்பில் இரண்டாகப் பிளந்து, அரைபடாமல் தப்பித்து, தண்ணீரோடு போன விதை அது. அப்படியானால் முழு விதையாகப் போட்டதுதான் தப்பு. அன்றைக்கே ஒரு பிடி விதையைக் குழவியால் லேசாக உருட்டிப் பிளந்தாள். கிணறு தூர் வாரியபோது ஒதுக்கிய மணலைக் கொல்லை மண்ணோடு கலந்தாள். பால்காரரிடம் கேட்டு எரு வாங்கினாள். முருங்கையின் அரை நிழலில் நாலடிக்கு ஒரு பாத்தி கட்டினாள். இருபது பேருக்குச் சோறு வடிக்கிற வீட்டில் அரிசி களைந்த தண்ணீருக்கு என்ன பஞ்சம்! மார்கழிப் பனியில் பாத்தி முழுக்க மல்லி விசிறி விசிறியாக நின்றது.

அது நின்ற அழகை ஒரு வாரம்கூட அவள் முழுசாகப் பார்க்கவில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து நாலு கோழிகள் தாவி வந்து பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டன.

தங்கபுஷ்பம் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றாள். கழுத்துயரச் சுவருக்கு அப்பால் ஒரு அம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் போட்டிருந்த முந்தானையைச் சரிசெய்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"இது யாரு கோழி? என் மல்லியப் பூராவும் சீச்சுப் போட்டுட்டு! கோழி வளக்கணும்னா கட்டிப் போட்டு வளக்கணும்!"

"கோழிக்கு இன்னாம்மா தெரியும், சொவுரு கீது, தாண்டக்கூடாதுன்னு?" என்றாள் அந்த அம்மாள் நிதானமாக. அப்புறம் எழுந்து வந்து சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "அடடா, கொத்மீரா! நீயா வச்சே? இந்த மண்ணுல வந்துச்சா? ஐயோ, பாவி கோழிங்க..."

சண்டைக்குத் தயாராக வந்தவள் இடுக்கியிருந்த கோழியைச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டாள். மறுநாள் காலையில் சுவரின் மேல் ஒரு கிண்ணத்தில் முட்டைகள் இருந்தன. சுவர் நெடுக முள் கிளைகள் செருகியிருந்தன.

அந்த அம்மாளின் பெயர் ஹாஜிரா பீ. அவள் கணவர் வலியுல்லா தையல்காரர். சுயம்புலிங்கம் வேலை பார்த்த அதே ஜவுளிக்கடைக்குச் சட்டையும் ரவிக்கையும் தைத்துக் கொடுப்பவர். ஒரே மகள் நஸ்ருன்னிசா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் ஹாஜிரா பீயை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அடுத்து விதைத்த பாத்தியில் முதல் கட்டு, முள் கிளைகளுக்கு நடுவே கை விட்டு, அந்தப் பக்கம் போனது.

அறுபத்தெட்டில் மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் சுற்றியது. கடை ஆட்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். எல்லோருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தங்கபுஷ்பம் படுத்தாள். எழுந்தபோது உடம்பு தேறிவிட்டது, பசி வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. அதை அவள் உடனே கவனிக்கவும் இல்லை.

ஒருநாள் சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுயம்புலிங்கம் முன்கூடத்திலிருந்து ஓடி வந்தான்.

"ஏ புள்ள! பால் தீஞ்சு தெருவரைக்கும் நாறுது, பக்கத்துல உக்காந்திருக்க!"

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். கரியாகியிருந்தது. குனிந்து மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்தாள். ஒன்றுமில்லை. கொல்லைக்கு ஓடி ஒரு மல்லித் தழையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்தாள். ஈரம் தெரிந்தது. மணம் இல்லை.

உப்பும் புளிப்பும் காரமும் நாக்கில் தெரிந்தன. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. பருப்பு அடிப்பிடித்ததா, ரசத்தில் பச்சை வாசனை போயிற்றா, தேங்காய் நல்ல தேங்காயா, எதையும் சொல்ல முடியவில்லை. பாண்டி பஜார் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் சுயம்புலிங்கம் அழைத்துப் போனான். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, மருந்து என்று எதுவும் கிடையாது என்றார். நல்லவர். பொய் சொல்லவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் தேங்காய்த் துவையல் ஊசிப்போனது தெரியாமல் பரிமாறிவிட்டாள். வெள்ளைச்சாமி என்ற ஆள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவன் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள். பேச்சு முதலாளி காதுக்குப் போனது. அய்யாதுரை வந்து நின்று, "காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சவ, சரி. ஆனா ஆளுங்க வயிறு கெட்டா கடை என்னாவும்? பாத்துச் செய்யிம்மா. இல்லன்னா வேற ஏற்பாடு பண்ண வேண்டியதாப் போவும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கொல்லையில் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். சுவருக்கு மேலாக ஹாஜிரா பீயின் தலை தெரிந்தது.

"ஏம்மா அயுவுற? ஊட்டுக்காரரு எதுனா சொன்னாரா?"

தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஜிரா பீ கேட்டுக்கொண்டே முள் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

"இந்தா, இவ்ளோதானே? உம் மூக்கு இல்லாங்காட்டி இன்னா, எம் மூக்கு கீதே. கொயம்பு கொதிச்சதும் ஒரு கரண்டி எடுத்தா. தேங்கா ஒடச்சா அதையும் கொண்டா. நான் சொல்றேன்."

"தினமுமா அக்கா? ரெண்டு வேளையுமா?"

"நான் எங்க போப்போறேன்? பொத்தான் தெச்சிக்கினு இங்கயேதானே குந்திக்கினு இருக்கேன்."

மறுநாளிலிருந்து அது நடந்தது. தங்கபுஷ்பம் துவைக்கிற கல்லின் மேல் ஏறிக் கரண்டியை நீட்டுவாள். ஹாஜிரா பீ உள்ளங்கையில் ரெண்டு சொட்டு வாங்கி முகர்ந்து, நக்கிப் பார்த்து, "பருப்பு லேசா புடிச்சிக்கிச்சு, அடிய கிளறாம மேலாப்பல வேற சட்டிக்கு மாத்து" என்பாள். அல்லது, "இன்னும் கொதிக்கணும், பச்ச வாசன அட்ச்சிக்கினு கீது" என்பாள். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். கையை மட்டும் ஆட்டுவாள், போ போ என்று.

கார்த்திகையில் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. முதல் நாள் தங்கபுஷ்பம் கரண்டியோடு வெளியே வரவில்லை. மதியம் தாண்டியதும் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"புஷ்பம்! எங்க இன்னிக்கி ஆளையே காணோம்?"

"எக்கா, நோன்பு வச்சிருக்கிய. தொண்டையில தண்ணிகூட எறங்காம இருக்கிறவிய முன்னால கொழம்ப நீட்டுதது பாவமில்லியா?"

"மோந்து பாத்தா நோன்பு முறியாதும்மா. நாக்குல வெக்க மாட்டேன், அவ்ளோதான். எடுத்தா, ஆறிடப் போவுது."

அந்த மாதம் முழுவதும், பசித்த வயிற்றோடு, காய்ந்த உதட்டோடு, ஹாஜிரா பீ சுவரோரம் நின்று சாம்பாரையும் ரசத்தையும் முகர்ந்து சொன்னாள். சாயங்காலம் பாங்கு சொல்லும் வரைக்கும் அவள் ஒரு பருக்கையும் தொடாதவள். தங்கபுஷ்பம் பின்னாளில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ உதவி பெற்றாள். அந்த மாதத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவளுக்குக் குரல் இறங்கிவிடும்.

விஷயம் மறைவாக இருக்கவில்லை. அந்த நோன்பு மாதத்திலேயே வெள்ளைச்சாமி ஒருநாள் பார்த்துவிட்டு, "அந்த வீட்டம்மா பாத்துச் சொன்ன பெறவுதான் நாங்க திங்கணுமோ?" என்று முணுமுணுத்தான். அன்றைக்குத் தற்செயலாக அங்கே சாப்பிட வந்திருந்த அய்யாதுரை காதில் அது விழுந்தது. என்ன சங்கதி என்று சுயம்புலிங்கத்திடம் விசாரித்தார். முழுவதையும் கேட்டுக்கொண்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "பட்டினி கெடந்துக்கிட்டு நமக்காவ நிக்காவ. நீ என்னடான்னா வாய்க்கு ருசியாத் தின்னுட்டு நாயம் பேசுத" என்றார். வேறு ஆள் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

அறுபத்தொன்பது முழுவதும் அப்படியே போனது. சித்திரை வெயிலில் மல்லி தழைக்காமல் தண்டு ஓடி, வெள்ளைப் பூ பூத்து, காய்த்துப் போயிற்று. அந்தக் காயை உலர்த்தி அவள் அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்தாள். தினம் காலையில் ஒரு தழையைக் கிள்ளி மூக்கில் வைத்துப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. பாத்தி காலியாக இருந்த கோடையில் விதையை நசுக்கி முகர்ந்தாள். வரும் என்ற நம்பிக்கை போய்விட்டது. பல் தேய்ப்பதுபோல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

எழுபதாம் வருஷம், பொங்கல் கழிந்து சில நாளில், சட்னிக்கு மல்லி பறிக்கக் கொல்லைக்குப் போனாள். குனிந்தவளுக்குத் திடீரென்று மூட்டைப்பூச்சி நாற்றம் அடித்தது. நசுக்கிய மூட்டைப்பூச்சி. பதறிப்போய் உள்ளே ஓடி, ஆட்களின் பாய் தலையணைகளையெல்லாம் இழுத்து வந்து வெயிலில் உதறினாள். சுயம்புலிங்கம் படுக்கிற கயிற்றுக் கட்டிலைத் தலைகீழாகப் போட்டுத் தட்டினாள். ஒரு பூச்சி இல்லை. ஆனால் நாற்றம் போகவில்லை. கையை மூக்கருகே கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது. விரலுக்கிடையில் ஒரு மல்லித் தழை ஒட்டிக்கொண்டிருந்தது.

கட்டிலைத் தாண்டி, பாய்களை மிதித்துக்கொண்டு, துவைக்கிற கல்லின் மேல் தாவினாள்.

"எக்கா! எக்கா! மல்லி மூட்டப்பூச்சி நாத்தம் நாறுது!"

ஹாஜிரா பீ கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னா சொன்னே?"

"நாறுது அக்கா! கொமட்டிக்கிட்டு வருது!"

"யா அல்லா!" என்று ஹாஜிரா பீ அவள் இரண்டு கைகளையும் சுவர் வழியாகப் பிடித்துக்கொண்டாள். "இன்னா நாத்தமா இருந்தா இன்னாம்மா, நாத்தம் வருதுல்ல! வந்துருச்சுல்ல!" இரண்டு பேரும் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்தார்கள், அழுதார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த வலியுல்லா, யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் கத்தரிக்கோலோடு நின்றார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. கொஞ்ச நாள் காப்பி மண்ணெண்ணெயாக மணத்தது. வெங்காயம் தாளித்தால் ரப்பர் எரிகிறாற்போல இருந்தது. அதனால் கரண்டி சுவர் தாண்டிப் போவது அந்தக் கோடை முடியும் வரை நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. ஆடியில் ஒருநாள் வாசலில் முதல் மழை விழுந்தபோது மண் மணத்தது. அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசற்படியில் போய் நின்றாள்.

எழுபத்திமூன்றில் நஸ்ருன்னிசாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. ரம்ஜான் பெருநாள் கழிந்து, டிசம்பர் மாதத்தில். ஹாஜிரா பீ செய்தி சொன்னதும் தங்கபுஷ்பம் யோசிக்கவே இல்லை.

"கல்யாணச் சமையலுக்கு வேணுங்கிற மல்லி பூராவும் நாந்தான் தருவேன். வெளியில வாங்கப்படாது."

"எத்தினி பேர் வர்றாங்க தெரிமா? உன் பாத்தி தாங்குமா?"

"தாங்கும். கொல்லை பூராவும் போடுதேன்."

அப்படியே போட்டாள். கிணற்றடி வரைக்கும், நடக்க வழி விடாமல், கொத்தி விதைத்தாள். விதை முளைத்து இரண்டு இலை விட்ட நேரத்தில் மழை பிடித்தது. நாலு நாள் விடாத மழை. கொல்லையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று, வடிந்தபோது முளைத்ததெல்லாம் அழுகிக் கிடந்தது.

அழுது கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மல்லிக்கு அது போதும், இனி ஒரு மழை அடிக்காவிட்டால். கடைக்குத் துணி பேல் வந்திறங்கும் பலகைப் பெட்டிகள் சரக்கறையில் அடுக்கிக் கிடப்பது அவள் நினைவுக்கு வந்தது. சுயம்புலிங்கம் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தான். அடியில் ஓட்டை போட்டு, மணலும் மண்ணும் நிரப்பி, பிளந்த விதையைத் தூவி, பெட்டிகளை ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழே வரிசையாக வைத்தாள்.

பெட்டி ஒவ்வொன்றும் இரண்டு ஆள் தூக்குகிற கனம். வெயில் வந்தால் வெளியே, மழை வந்தால் உள்ளே. பகலில் கடை ஆட்கள் வேலையில் இருப்பார்கள். முதல் நாள் மழை இருட்டியபோது, அவளும் பொத்தான் தைத்த கையோடு வந்த ஹாஜிரா பீயுமாக இழுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. அப்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளைச்சாமி வந்தான்.

"வானம் கறுத்துதே, பெட்டி வெளியில கெடக்குமேன்னு முதலாளிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றான், யார் முகத்தையும் பார்க்காமல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். அந்தப் பருவம் முழுக்க, மேகம் திரண்டபோதெல்லாம் கடையிலிருந்து யாராவது இருவர் ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவன் பெரும்பாலும் அவன்தான்.

கல்யாணத்தன்று விடிகிற நேரத்தில் பறித்தார்கள். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, வாழைநாரால் கட்டினாள். தாம்பாளத்தில் மலையாகக் குவிந்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சமையலுக்கு வந்திருந்த பண்டாரி அதைப் பார்த்துவிட்டு, "நல்ல கொத்மல்லிதான். ஆனா இது ஒரு அண்டாவுக்குக்கூடப் பத்தாதே, தாயி" என்று சிரித்தார்.

தங்கபுஷ்பத்தின் முகம் சுருங்கியது. ஹாஜிரா பீ நடுவே புகுந்தாள். "பிரியாணிக்கு மார்க்கெட் கொத்மீர் போடு, யாருக்குத் தெரியப் போவுது? இது தால்ச்சாவுக்கு. எறக்குற நேரத்துக்கு மேலாப்பல தூவு. அப்பத்தான் வாசன நிக்கும்."

மதியம் பெண்கள் வரிசையில் மாப்பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் தங்கபுஷ்பத்தை ஹாஜிரா பீ உட்கார வைத்தாள். அசைவம் அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் சாப்பிட முடியவில்லை. தால்ச்சாவின் ஆவி முகத்தில் அடித்தபோது கண் நிறைந்துவிட்டது. "காரமா?" என்று சம்பந்தியம்மாள் கேட்டாள். "இல்லம்மா, நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

அந்த வீட்டில் அவள் இன்னும் சில வருஷம் சமைத்தாள். எழுபத்தைந்தில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. எழுபத்தெட்டில் வீட்டுக்காரர் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார். அய்யாதுரை ஆட்களுக்கு வேறு இடம் பார்த்தார். சுயம்புலிங்கம் மேற்கு மாம்பலத்தில் மொட்டை மாடியோடு ஒரு சின்னப் போர்ஷன் பிடித்தான்.

சாமான் ஏற்ற ரிக்‌ஷா வந்தது. பாத்திரம், கட்டில், டிரங்குப் பெட்டி, காலிப் பலகைப் பெட்டிகள் எல்லாம் ஏற்றிய பிறகு, தங்கபுஷ்பம் நாலு சாக்கு மூட்டைகளைக் காட்டினாள். ரிக்‌ஷாக்காரன் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"இன்னாம்மா இது, இந்தக் கனம் கனக்குது?"

"மண்ணு."

"மண்ணா? வூடு மாத்தறவங்க மண்ணையுமா தூக்கிக்கினு போவாங்க? மாம்பலத்துல மண்ணு இல்லியா?"

"அங்க இருக்கும். இது பத்து வருஷமா அரிசித் தண்ணி குடிச்ச மண்ணு. அக்கா கோழி கிண்டுன மண்ணு. வாங்கினா கெடைக்காது."

சுவரோரம் நின்ற ஹாஜிரா பீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கியம வருவேன்" என்றாள். "பஸ்ஸு ஏறுனா கால் மணிதானே."

ரிக்‌ஷாக்காரன் முனகிக்கொண்டே நாலு மூட்டையையும் ஏற்றினான். துரைசாமி சுரங்கப்பாதை மேட்டில் சுயம்புலிங்கம் பின்னால் நின்று தள்ள வேண்டியிருந்தது. மாடிப்படி முழுக்க மண் சிந்தியது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவன் கேட்டான்.

"அப்டி இன்னாம்மா போடப் போறே இதுல?"

"மல்லி."

"சரி, மொளச்சா எனக்கு ஒரு கட்டு குடு. ஸ்டாண்டு இந்தத் தெருக்கோடிலதான்."

பலகைப் பெட்டிகளில் அவள் அந்த வாரமே விதைத்தாள். தழைத்ததும் முதல் கட்டைச் சுயம்புலிங்கம் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஹாஜிரா பீ வீட்டுக்குக் கொண்டு போனான். இரண்டாவது கட்டை அவளே மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடிக்கு எடுத்துப் போனாள். ரிக்‌ஷாக்காரன் வண்டியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிக் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.